இரண்டு பைத்தன்

ஜூன் 7, சனி
இவருடைய கம்ப்யூட்டரில்தான் இனி என் அலுவலக வேலையும். புரோகிராம் எழுதும் பைத்தன் மொழியில் புதியதைப் போட்டேன். உள்ளே 2.7 என்று ஒரு கிழட்டுப் பைத்தனும் கிடந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு எதற்கு? பழையதை நீக்கிவிட்டேன்.

ஜூன் 14, சனி
இன்று சதுர்த்தி. குரல் வரவில்லை.

பெப்ரவரியில் இவர் செத்துப்போன பிறகும், விரத நாள் தவறாமல், காலையில் அந்தக் கம்ப்யூட்டர் இவர் குரலில் சொல்லும்: "கௌரி, இண்டைக்குச் சதுர்த்தி. மறந்திடாத." தானே எழுதி, தானே பேசிப் பதிந்த புரோகிராம். நான் எந்த விரதத்தை நினைவு வைத்திருந்தேன்! இன்று முட்டை பொரித்துச் சாப்பிட்ட பிறகுதான் கலண்டர் கண்ணில் பட்டது.

புரோகிராமைத் திறந்தால் சிவப்பு எழுத்தாகப் பிழைகள். பழைய பைத்தனில் எழுதியிருக்கிறார். அதை நான் — நான்தான் அழிச்சுப்போட்டன். விசரி! ஏன் உனக்கு அவ்வளவு அவசரம்?

ஜூன் 15, ஞாயிறு
புதிய பைத்தனுக்கு ஏற்பத் திருத்தப் பார்த்தேன். பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி வேண்டுமாம். போட்டேன். அடுத்த வரியில் மறுபடி பிழை. குரல்களையெல்லாம் ஒரே கோப்பாக அடைத்து வைத்திருக்கிறார், அது திறக்கவே இல்லை.

சுஜீத் மாடியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தான். "விடுங்கோ அம்மா. ஜஸ்ட் ரிமைண்டர்தானே." பெற்ற பிள்ளை சொல்கிற பேச்சா இது?

ஜூன் 17
அந்தக் கோப்பு இன்னும் திறக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி
அலுவலகத்தில் மேனுஷாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, ஒண்டு வந்தால் மற்றது போகோணும் எண்டில்லை. ரெண்டையும் வச்சிருக்க ஏலும். எந்த ஃபோல்டருக்கு எந்தப் பைத்தன் எண்டு சொல்லிவிட்டால் சரி."

ஜூன் 22, ஞாயிறு
பழையதைத் திரும்பப் போட்டேன். அவருடைய ஃபோல்டருக்கு அது, என்னுடையதற்குப் புதியது. ஓடவிட்டேன். "கௌரி" என்றார். அதற்குமேல் கேட்க ஏலாமல் நிறுத்திவிட்டேன்.

ஜூலை 23, புதன்
நாளை ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத பிள்ளை விரதம் இருக்க வேண்டிய நாள். இருபத்தாறு வயதுப் பிள்ளையிடம் இதை எந்த வாயால் சொல்வது? இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்
சுஜீத் வேலைக்குப் புறப்பட்டு, கையில் ஹாம் சாண்ட்விச்சோடு நின்றான். அப்போது குரல் வந்தது. "கௌரி, இண்டைக்கு ஆடி அமாவாசை. அப்பாவுக்கு நான் விரதம். மச்சம் வேண்டாம், மரக்கறி மட்டும்."

அவர் சொன்னது தன் அப்பாவை.

சுஜீத் சாண்ட்விச்சை மேசையில் வைத்தான். கம்ப்யூட்டரைப் பார்த்து, "ஓம் அப்பா" என்றான். பிறகு என்னிடம், "இனி நான்தானே அம்மா இருக்கோணும்?"

ஓம் என்றேன். இன்று அவன் வேலைக்குப் போகவில்லை.