இடது பக்கம் தாழ்ந்த கார்

பிப்ரவரி 5, ஞாயிறு
லஸ்ஹர் தன் பழைய பெஜோ காரைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, "மச்சான், நீ போட்ட ஸ்பிரிங் படுத்துருச்சு" என்றான். பின்பக்கம் இடது சக்கரத்துக்கு மேல் மூன்று விரல் தாழ்ந்துதான் இருந்தது. தங்கை புருஷன் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் இதைக் காபிக்கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான். போன கோடையில், பாதை கரடுமுரடு, பின்னால் உயர்த்து, வேன் ஸ்பிரிங் போடு என்று நச்சரித்தவனே அவன்தான்.

பிப்ரவரி 6, திங்கள்
டயர் காற்று சரி. சமதளத்தில் நிறுத்தி அளந்தேன், அதே மூன்று விரல். இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றி இடம் மாற்றினேன். ஸ்பிரிங் கெட்டிருந்தால் சாய்வு வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்போ என் ஸ்பிரிங்ல தப்பில்ல. இதைக் காபிக்கடையில போய்ச் சொல்வானா அவன்?

பிப்ரவரி 7
மேற்கொண்டு தேட விடவில்லை. இடது ஸ்பிரிங் மேல் ஒரு ரப்பர் வளையம் வைத்துத் தூக்கிவிடு, போதும் என்று ஒற்றைக் காலில் நின்றான். வைத்தேன். கார் நேராக நின்றது. காரணம் தெரியாமல் வேலையை முடித்தது எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 15, புதன்
பிரேக் பார்க்க விட்டுவிட்டுப் போனான். இப்போது இடது பக்கம் மூன்று விரல் உயர்ந்து நிற்கிறது. படுத்தது தானாக எழுந்திருக்குமா? ஏதோ பாரம் ஏறி இறங்குகிறது. பின்சீட்டைப் பிடுங்கினேன். இடது ஓரத்தில் வெல்டிங் வைத்த தகரத் தொட்டி. காலி. டீசல் நாற்றம். இங்கே மலிவு, அங்கே விலை அதிகம். எல்லை தாண்டி துனீசியாவுக்குக் கடத்துகிறான்.

அதுக்கு நேர் மேலதான் அவன் மக ரிஹாம் உட்காருவா. ஆறு வயசு. அவன் மனுஷனா?

பிப்ரவரி 16
அவன் சட்டையைப் பிடிக்கத்தான் போனேன். தங்கை ஸக்கியா நடுவில் வந்து நின்றாள். ஓட்டுவது அவளாம். பெண் ஓட்டி, பின்னால் பிள்ளைகளும் இருந்தால் எல்லைச் சோதனைச் சாவடியில் கையசைத்து அனுப்பிவிடுவார்களாம்.

"அவரைத் திட்டாதண்ணே. வளையம் போடச் சொன்னதே நான்தான். கார் சாய்ஞ்சிருந்தா சந்தேகம் வரும்ல."

தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று கத்தினேன்.

"இவரைச் சுரங்கத்துல வேலையை விட்டு நிறுத்துனப்போ ஒரு மூட்டை ரவையோட வந்தே. அது எத்தனை நாளைக்கு வந்துச்சு?"

இன்னும் சத்தமாகக் கத்தினேன். கடைசியில், பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்று அம்மா மேல் சத்தியம் செய்தாள்.

பிப்ரவரி 19
காபிக்கடையில் என் ஸ்பிரிங்கைப் பற்றி இன்னும் கேலி. உண்மையை எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 24, வெள்ளி
ரொட்டிக்கடை முன்னால் அதே கார். ஓட்டுநர் இருக்கையில் ஸக்கியா, பின்னால் ரிஹாமும் அவள் அண்ணன் அய்மனும். வளையம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. தொட்டி காலியென்றால் இடது பக்கம் தூக்கி நிற்க வேண்டும். கார் நேராக நின்றது.

சத்தியமாம்! பின்கதவைத் திறந்து இரண்டு பேரையும் இறக்கினேன்.

"அண்ணே, இவங்க இல்லாம சாவடியில என்னை விட மாட்டாங்க" என்றாள்.

"அப்போ போகாதே."

போய்விட்டாள்.

பிப்ரவரி 26, ஞாயிறு
வெள்ளியன்று சாவடியில் பிடித்த ஸக்கியாவை இன்னும் விடவில்லை. லஸ்ஹர் காவல் நிலைய வாசலில் கிடக்கிறான். வெள்ளி, சனி விடுமுறை முடிந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ரிஹாமுக்குத் தலை பின்ன வரவில்லை எனக்கு, அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினேன். வலித்திருக்கும்.