அடுத்த எடைப் பிரிவில் உன் மகள்

என் உயிரான அக்காவுக்கு,

இரண்டு நாளாக என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நாளைக்கு வேலூரில் பளுதூக்கும் போட்டி. நீ என்னிடம் விட்டுப்போன நிவேதா தூக்குகிறாள். நான் செய்தது சரியா என்று கேட்க உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

போன மாதம் பயிற்சிக் கூடத்தில், கையில் பூசும் வெள்ளைப் பவுடர் டப்பாவை எட்டி உதைத்துவிட்டாள். கூட இருந்த பெண்ணையும் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். ஷூ கம்பெனியில் பர்மிஷன் போட்டு ஓடினேன். "இன்னொரு வாட்டி இப்டி பண்ணா கூட்டினு போய்டுங்கம்மா," என்றார் கோச். அவரைக் கும்பிட்டுவிட்டு வந்து, இவளைத் திமிர் பிடித்தவள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஷபானாவிடம் புலம்பினேன். தையல் லைனில் எனக்குப் பக்கத்து மெஷின் அவள். சரியான வாயாடி.

"ஒரே பேஜாரா இருக்குது ஷபானா. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சி விழறா."

"இன்னா சாப்புட்றா?"

பெருமையாகவே சொன்னேன். "ராத்திரிக்கு ஒரே இட்லி. தண்ணிகூட கம்மி. எடை ஏறக் கூடாதுன்னு அவ்ளோ கட்டுப்பாடு."

"அடிப்பாவி! நோன்பு வெச்சா சாயங்காலம் நானே வூட்ல எல்லார் மேலயும் பாயறேன். எனக்காவது பள்ளிவாசல்ல பாங்கு சொன்னா வாய்ல எதனா போட்டுக்கலாம். உன் பொண்ணுக்கு எப்போ பாங்கு?"

அன்றைக்கு எனக்குத் தையல் நேராக விழவில்லை. ஒரே வருடத்தில் உன் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். சட்டை போதவில்லை என்று புதிது தைத்துக் கொடுத்தவள், சோற்றை மட்டும் எப்படிக் குறைத்தேன் அக்கா?

அடுத்த எடைப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி கோச்சிடம் போய் நின்றேன்.

"இந்த எடையில மெடல் நிச்சயம்மா. மேல போனா பெரிய பொண்ணுங்க. மெடல் இல்லன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டால காலேஜ் சீட்டு கஷ்டம்."

"மெடல் போனா போவுது சார். எனக்குப் புள்ள வேணும்."

"பட்டினி கெடக்கறான்னு யாரும் எங்கிட்ட சொல்லலியேம்மா," என்றார். மாற்றிவிட்டார்.

நிவேதாதான் என்னை விடவில்லை. "யாரக் கேட்டு மாத்துன சித்தி? நீ இன்னா எங்கம்மாவா?" நீ இருந்திருந்தால் மெடல்தான் முக்கியம் என்றிருப்பாயோ?

அதற்குப் பிறகு பேச்சு நின்றது, சாப்பாடு மட்டும் நடந்தது. தட்டை நீட்டி நீட்டிச் சாப்பிட்டாள். கோபமும் அடங்கிவிடும் என்று நினைத்தேன். எங்கே? இன்று காலை நான்கு தோசை தின்றுவிட்டு, பளு தூக்கும்போது கட்டுகிற இடுப்பு பெல்ட்டைக் காணவில்லை என்று வீட்டையே இரண்டாக்கினாள். அது அவள் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்ததும் பெல்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நாளைக்கு எல்லாருக்கும் அம்மா வருவாங்க சித்தி."

பசிக்குச் சோறு போட்டுவிட்டேன். இதற்கு நான் என்ன போடுவேன்?

"நாளைக்கு நீ வராத," என்று கத்திவிட்டுச் செருப்பை மாட்டினாள். வாசல் வரை போனவள் திரும்பாமலே சொன்னாள். "வந்தா முன்னாடி உக்காரு. என் கண்ணுக்குத் தெரியணும்."

முன்னாடிதான் உட்காருவேன் அக்கா. ஜெயித்தாலும் தோற்றாலும், எதை எட்டி உதைத்தாலும், அவள் திரும்பிப் பார்க்கிற இடத்தில் நான் இருப்பேன்.

உன் மகளிடம் தினமும் திட்டு வாங்கும்
உன் தங்கை மஞ்சு