மிக்கேலின் துடிப்புக் கோடு

நாள் 31, 08:10
வியாழனின் நிலவான யூரோப்பா, பனிமேல் நிலையம். பணியில் நான் ஒருத்திதான், மருத்துவர் ஹெப்சிபா. கீழே, பனிக்கு அடியிலுள்ள கடலில், மூழ்கு கலத்தில் சூசை மிக்கேல். தூத்துக்குடிக்காரன். அவன் மார்பில் கட்டிய பட்டை இதயத்துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம் மூன்றையும் அளந்து மேலே அனுப்பும். தேவைப்பட்டால் இதயத்தை மின்சாரத்தால் தூண்டி நடத்தவும் செய்யும்.

இன்று பதினாறு எச்சரிக்கை மணிகள். துடிப்பின் இடைவெளி கூடிக் குறைகிறதாம். ஒவ்வொரு மணிக்கும் பூமிக்கு விளக்கம் எழுத வேண்டும். பட்டையை 'சீர்' நிலைக்கு மாற்றினேன். 0.90 நொடிக்கு ஒரு துடிப்பு. மணி ஓய்ந்தது.

நாள் 36, 17:42
கோடு அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் இருக்கிறது. கீழிருந்து: "யக்கா, கடியாரம் கணக்கா அடிக்குல்லா! ஊருக்குப் போனா மாதா கோயில் மணிக்கூண்டுல என்னத் தொங்க விட்டுருவாவ."

நாள் 38, 11:05
கலத்துக்குள் இருக்கும் ஏணியில் நாலு படி ஏறியவன் மயங்கி விழுந்தான். "காலு ஏறுது, நெஞ்சு கூட வரமாட்டேங்கு யக்கா."

தவறு என்னுடையது. இதைக் கண்டெடுப்பவருக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு முருங்கைக் கீரைக் காம்பை எடுத்துப் பாருங்கள். சின்னக் காம்பும் பெரிய காம்பின் சாயலிலேயே பிரிந்திருக்கும். நலமான இதயமும் அப்படித்தான். ஒரு நிமிடக் கோட்டிலுள்ள மேடுபள்ளம் ஒரு நாள் கோட்டிலும் அதே சாயலில் வரும். ஃபிராக்டல் என்போம். அந்த ஏற்ற இறக்கம் நோயல்ல. அடுத்து எது வந்தாலும் ஈடுகொடுக்க உடம்பு வைத்திருக்கும் இளக்கம். நான் அதற்கு இஸ்திரி போட்டுவிட்டேன்.

நாள் 38, 11:50
பட்டையை நிறுத்தினேன். நான்கு நொடி ஒன்றுமில்லை. ஐந்து. ஆறு. மறுபடி போட்டேன். அவன் இதயம் தானாக அடிக்க மறந்திருக்கிறது. கலத்தை மேலே திருப்பச் சொன்னேன்; பனியை உருக்கிக்கொண்டு வந்து சேர ஒன்பது நாள்.

நாள் 38, 15:20
முதல் நாள் எடுத்த அவனுடைய சொந்தப் பதிவு இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரம். அன்று எந்த நேரத்தில் எப்படி அடித்ததோ, தினமும் அதே நேரத்தில் அப்படியே அடிக்குமாறு அதையே பட்டைக்குக் கொடுத்தேன். பள்ளத்துக்குள் பள்ளம், மேட்டுக்குள் மேடு. "இப்பதான் யக்கா மனுசனா இருக்கு. ஏழு நாளு பொம்மையால்லா ஆக்கி வச்சிட்டிய!" சிரித்தான். நானும்.

நாள் 43, 06:30
கலத்தின் வெப்பமூட்டி நின்றது. "குளுருதுக்கா. நெஞ்சு மட்டும் தின்னுட்டுப் படுத்தவன் மாதிரி மெள்ள அடிக்கு." முதல் நாள் இந்த நேரம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டை அந்தத் தூக்கத்தை நடத்துகிறது. வேகத்தைக் கையால் கூட்டினேன். மூச்சு முட்டுகிறது என்றான். குறைத்தேன். எவ்வளவு வேண்டும் என்பது அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. பதிவுக்கே திரும்பினேன். பழைய தேர்வின் விடைத்தாளை இன்றைய கேள்விக்கு நீட்டுகிறேன்.

நாள் 43, 14:00
பேச்சு இல்லை. கோடு அழகாக ஓடுகிறது.

நாள் 44, 09:15
பூமியிலிருந்து: "மிக்கேலின் துடிப்பில் முழு நலம் தெரிகிறது. சிறப்பான பணி, டாக்டர்."

உடல் வெப்பம் 4 டிகிரி. மூச்சு இல்லை. பட்டை, தான் அனுப்பும் துடிப்பையே வரைகிறது.

நாள் 44, 10:14
இறப்புப் படிவம் நேரம் கேட்கிறது. தெரியாது. கோடு எங்குமே நிற்கவில்லை. நான் நிறுத்தினால்தான் ஒரு நேரம் வரும்.

பட்டையை நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தேன்.

10:15
கோடு வேகமெடுக்கிறது. முதல் நாள் இந்த நேரம்தான் எனக்குக் கைகாட்டிவிட்டுக் கலத்துக்குள் இறங்கினான்

10:16
மிக்கேலு, நான்