தகட்டின் கீழே இருக்கும் சேஸிஸ் எண்

அனுப்புநர்
ட்ரெய்லர் லாரி ஓட்டுநர்
(சரக்கு முனையத்தில் 'நிதானம்' என்று கேட்டால் எவரும் காட்டுவார்கள்),
டயர் கடை மாடி,
முனையப் பின்தெரு.

பெறுநர்
வாகனப் பதிவு அலுவலர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்.

பொருள்: பழைய ட்ரெய்லர் லாரியை என் பெயருக்கு மாற்றுதல் – தகட்டால் மறைந்த சேஸிஸ் எண்ணை ஆய்வாளர் முன்னிலையில் திறந்து காட்ட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதங்கள் இரண்டு, சென்ற மாதம் 6 மற்றும் 21-ஆம் நாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு சரக்குக் கம்பெனியில் பதினோரு ஆண்டுகளாக ஒரே லாரியை ஓட்டி வந்தவன். அது புதிதாக வந்த அன்று இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தவனும் நான்தான். கம்பெனி பழைய வண்டிகளை விற்க முடிவு செய்தபோது வேலையை விட்டுவிட்டு அதை நானே வாங்கினேன். "அதுக்கு இருக்கிற வியாதியெல்லாம் தெரிஞ்சும் வாங்குறியே" என்று சக ஓட்டுநர்கள் கேலி செய்தார்கள். தெரிந்ததால்தான் வாங்கினேன்.

2. பெயர் மாற்றத்துக்காகச் சென்ற மாதம் 4-ஆம் நாள் வண்டியைத் தங்கள் ஆய்வு மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணின் மீது காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்து, பதிவெடுத்துக் கோப்பில் சேர்ப்பது நடைமுறை. ஆய்வாளர் காகிதமும் பென்சிலுமாக வலது முன்சக்கரத்தின் அருகே குனிந்தார். எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புத் தகடு இருந்தது. அதை அங்கே வைக்கச் சொன்னவன் நானே. மறைக்க எனக்கு எதுவும் இல்லாததால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

3. நான்கு ஆண்டுகளுக்கு முன் டயர் காற்றைப் பார்க்கக் குனிந்தபோது, அடிச்சட்டத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசலைக் கண்டேன். "அடுத்த லோடு முடியட்டும்" என்றார் மேலாளர். நான் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் பட்டறைக்கு அனுப்பினார்கள். வெல்டர் தகட்டை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நம்பர் மேல வருது. ஜன்னல் வெட்டி விடட்டுமா?" என்று கேட்டார். எண் தெரியும்படி தகட்டில் சதுரமாக வெட்டி விடுவதைப் பட்டறையில் அப்படிச் சொல்வார்கள். வெட்டினால் தகட்டின் வலு குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. "வேணாம்ப்பா, முழுசா மூடிடு. நம்பரைத் தேடிப் பார்க்க வண்டி என்ன நம்மளுதா?" என்றேன்.

4. ஓட்டுநருக்குப் பிரேக், டயர், விரிசல் இவைதான் கண்ணில் படும். எண் என்பது முதலாளியின் காகிதத்தில் இருக்கும் ஒன்று. அந்தப் புத்தியில் பேசிவிட்டேன். அதன் பிறகு வந்த தகுதிச் சோதனைகளில் கேபினுக்குள் இருக்கும் சிறு தகட்டின் எண்ணைப் பார்த்தே சான்று தந்தார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அப்போது நினைவு வரவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

5. பார்வையில் கண்ட முதல் கடிதம், சேஸிஸ் எண்ணைக் காட்டினால்தான் பெயர் மாற்றம் என்கிறது. இரண்டாம் கடிதம், அந்த இடத்தில் கைவைத்தால் எண்ணைச் சிதைக்க முயன்றதாக வழக்குப் போடப்படும் என்கிறது. இரண்டும் நியாயமான கடிதங்கள்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கீழ்ப்படிய எனக்கு வழி தெரியவில்லை. முதல் கடிதத்தைக் கொண்டுபோனால் எழுத்தர் ஆய்வாளரைப் பார்க்கச் சொல்கிறார். இரண்டாம் கடிதத்தைக் கொண்டுபோனால் ஆய்வாளர் எழுத்தரைப் பார்க்கச் சொல்கிறார். இருவரின் மேசைக்கும் நடுவே பதினேழு அடி இருக்கிறது. நடந்து நடந்து அளந்து வைத்திருக்கிறேன்.

6. இது திருட்டு வண்டியாக இருக்கலாம் என்று மைதானத்தில் நாலு பேர் முன்னிலையில் சொல்லப்பட்டது. ஐயப்படுவது ஆய்வாளரின் கடமை. ஆயினும் அந்த வார்த்தை எனக்கு வலித்தது என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

7. வண்டியை இங்கே கொண்டுவந்த அன்று என் மனைவியும் உடன் வந்தார். வெளியாட்கள் ஏறக் கூடாது என்பது கம்பெனி விதி என்பதால், பதினோரு ஆண்டுகளில் அவர் அந்தக் கேபினில் கால் வைத்ததே இல்லை. ஏறி உட்கார்ந்து நாலாபுறமும் பார்த்துவிட்டு, "இவ்வளவு உசரத்துல இருந்தா வீடு எப்படிங்க கண்ணுக்குத் தெரியும்?" என்றார். வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தோம். வண்டியை மைதானத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டதால், திரும்பும்போது பேருந்தில் போனோம்.

8. சரக்கு முனையத்தில் சொந்த வண்டிக்காரர்கள் வரிசையில் எனக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். இம்மாதம் 30-ஆம் நாளுக்குள் என் பெயரில் பதிவுச் சான்று காட்டாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். அதன் பிறகு வரிசை எப்போது திறக்கும் என்று முனையத்தாருக்கே தெரியாது. பழைய கம்பெனியில் என் இடத்துக்கு வேறு ஓட்டுநர் வந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இருப்பது இந்த வண்டி ஒன்றுதான், ஐயா. அது ஓடாமல் நிற்கிறது.

9. ஆகவே நான் வேண்டுவது இதுதான். தகட்டை வைத்த அதே வெல்டர் எந்த நாளிலும் வரத் தயாராக இருக்கிறார். எந்த ஓரத்தில் தேய்த்தால் எண்ணுக்குப் பழுதில்லாமல் தகடு கழன்று வரும் என்பது அவருக்குத் தெரியும். தங்கள் ஆய்வாளர் அருகில் நிற்கட்டும். எடுக்கும் பதிவை, வண்டி புதிதாக வந்தபோது முதன்முதலாக எடுத்த பதிவுடன் ஒப்பிடட்டும். அந்தக் காகிதம் தங்கள் அலுவலகக் கோப்பில்தான் இருக்கிறது. கம்பெனி ஓட்டுநராக அதைத் தேய்த்தவன் நான். கடைசி எழுத்தில் பென்சில் முனை உடைந்து காகிதம் சற்றுக் கிழிந்திருக்கும். இரண்டு எண்ணும் ஒத்துவரவில்லை என்றால் வண்டியையும் என்னையும் தாங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

10. மேலும், வண்டி ஒரே இடத்தில் நாற்பத்து மூன்று நாட்களாக நிற்பதால் டயர்கள் ஒரு பக்கமாக அமுங்கி வருகின்றன. தினமும் போய்ப் பார்க்கிறேன். காவலாளி நல்லவர், "பார்த்துக்கங்க அண்ணே, தொட்டுடாதீங்க" என்கிறார். தங்கள் முடிவு வரும்வரை நாளுக்குப் பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு, வண்டியை ஒரு முழம் நகர்த்தவாவது உத்தரவிடக் கோருகிறேன்.

11. வண்டி என்ன நம்மளுதா என்று அன்று கேட்டவன் நான். இன்று அது என்னுடையது. அந்த எண்ணை ஒரே ஒரு முறை பார்க்க அனுமதியுங்கள்.

இடம்: ஆய்வு மைதானம், வண்டியின் அருகில்
நாள்: இம்மாதம் 17

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஓட்டுநர். உரிமையாளர் என்று தாங்கள் எழுதும்வரை.

இணைப்பு:
1. கம்பெனி தந்த விற்பனைப் பத்திர நகல்.
2. வெல்டரின் கையெழுத்திட்ட வாக்குமூலம்.
3. முனையத்தின் வரிசைக் கடித நகல்.
4. பதிவெடுக்க வெற்றுக் காகிதம் ஒன்று, சீவிய பென்சில் ஒன்று.