பதினெட்டு ரூபாயும் வில்வண்டியும்

1912, ஆவணி, வியாழன் இரவு. பாளையங்கோட்டை.

வண்டி வந்துவிட்டது. படபடப்புத்தான் இன்னும் அடங்கவில்லை.

காலையில் வண்டியோட்ட அமர்த்திய மாசிலாமணி மாட்டை ஓட்டிவர, மேலப்பாளையம் பட்டறைக்குப் போனேன். பேசிய நூற்றிருபது ரூபாயை நீட்டினேன். பட்டறைக்காரர் இன்னும் பதினெட்டு கேட்டார். சக்கரத்தின் இரும்புப் பட்டைக்கும் வர்ணத்துக்கும் தனியாம்.

"எல்லாம் சேத்துத்தான்னு நீங்களே கைப்பட எழுதித் தந்திருக்கியளே, அண்ணாச்சி."

"இரும்பு விலை ஏறிப்போச்சு, நான் என்ன செய்யட்டும்? வீட்டு ஆம்பிளைய வரச்சொல்லுங்க, அவுககிட்ட பேசிக்கிடுதேன்."

என் கணவர் இறந்துபோய் நான்கு வருஷமாகிறது.

"இந்த வண்டியில ஊர் ஊராப் பிரசவம் பார்க்கப் போறது நான். எங்கிட்டயே பேசுங்க" என்று சொல்லிவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் என்ன விஷயம் என்று கேட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அவர் எழுதிய சீட்டைக் காட்டினேன். உச்சிவேளை தாண்டியது. தண்ணீர் குடிக்கக்கூட இறங்கவில்லை.

கடைசியில் அவரே பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க இறங்க வேண்டாம்மா. மாட்டைப் பூட்டச் சொல்லுதேன்."

நூற்றிருபதை எண்ணி வாங்கிக்கொண்டார். முன்பக்க விளக்கு நான் பிறகு கேட்டது. அதற்கு மட்டும் இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். அவர் முகத்தை நிமிர்த்தவில்லை.

போன மாதம் கூலிவண்டிக்காரன் இருட்டில் வர மறுத்துவிட்டான். நான் சீவலப்பேரிக்கு நடந்தே போய்ச் சேரும்போது, வலியெடுத்துக் கிடந்த அந்தப் பெண்... வேண்டாம், அதை எழுத முடியவில்லை.

மருந்துப் பெட்டியை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். இனி எந்நேரம் ஆள் வந்து கூப்பிட்டாலும், யாரிடமும் போய்க் கெஞ்சி நிற்க வேண்டியதில்லை.