மேலே ஏறாத பேருந்தும் அதன் பின்னால் தொங்கும் பலகையும்

அனுப்புநர்:
முட்டைக்கோஸ்காரம்மாவின் இளைய மகள்,
கடைசி வீடு, மேல் ஊர்
(பேருந்தின் நெற்றியில் மட்டும் எழுதியிருக்கும் ஊர்).

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
பேருந்துப் பணிமனை,
மலையடிவாரம்.

பொருள்: எங்களைப் பாதி மலையில் இறக்கிவிடும் ஓட்டுநர் மீது இரக்கம் பாராமல் நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பேருந்தின் கடைசி நிறுத்தம் எங்கள் ஊர். ஆனால் அது பாறை வளைவோடு திரும்பிவிடுகிறது. முன்பொரு மழையில் அங்கே சாலை சரிந்தது உண்மை. சரிந்த சாலை அடுத்த கோடையிலேயே சரியாகிவிட்டது. “மேலே சாலை இல்லை” என்ற பலகை மட்டும் போகவில்லை. அதைக் கண்ணை இமை காப்பதுபோல் காப்பவர் தங்கள் ஓட்டுநர். மேலே ஏறி இறங்க வேண்டிய நேரத்தை வளைவின் நிழலில் குறட்டையாக மாற்றிக்கொள்கிறார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘பாதிமலை’. கேட்டால், “பலகை சொல்லுது, நான் என்ன பண்ண? படிக்கத் தெரியும்ல?” என்கிறார்.

2. ஆகவே உரமூட்டை ஏறுவதும் கோஸ் மூட்டை இறங்குவதும் எங்கள் முதுகில். தங்களுக்குப் பழக்கம் இருக்காது என்பதால் தெரிவிக்கிறேன்: ஏறும்போது மூட்டை பின்னால் இழுக்கும், இறங்கும்போது முன்னால் தள்ளும். மழை விட்ட ஒரு காலையில் அது என் அம்மாவைத் தள்ளியது. கணுக்கால் முறிந்தது.

3. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, சித்தப்பாவும் அண்ணனும் சுமந்து இறங்கினார்கள். நான் முன்னால் ஓடிக் கைகாட்டினேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். “அடிபட்டு வராங்கண்ணே, கொஞ்சம் நில்லுங்க” என்று நடத்துநர் கெஞ்சியது எங்களுக்கே கேட்டது. “நாற்காலியில வர்ற மகாராணிக்கெல்லாம் நான் காத்துக் கிடக்கணுமா? ரைட் கொடுய்யா!” என்றதும் கேட்டது. அடுத்த பேருந்து மாலையில்தான். அதுவரை அம்மா வளைவில், பாறை நிழல் நகர்ந்துவிட்ட வெயிலில். அழவில்லை. “கோஸ் வாடிடும்டி, மூட்டையை நிழல்ல வை” என்றார். கட்டுப் போடத் தாமதமானதில் கால் கோணலாகக் கூடிவிட்டது. வரும் சந்தை நாளன்று மறுபடி உடைத்துக் கட்ட வேண்டும் என்கிறார் மருத்துவர். தவறினால் அம்மாவுக்கு மலைச்சரிவில் விவசாயம் இல்லை. எங்களுக்கும் வேறு பிழைப்பு இல்லை.

4. சாலை இல்லை என்பதற்கு அந்தப் பலகை ஆதாரம் என்றால், உண்டு என்பதற்கும் அதுவே ஆதாரம். சென்ற வாரம், பழுது பார்த்து ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி ஓட்டுநர் எடுத்த பேருந்து, பலகையை ஓரம் தள்ளிவிட்டு எங்கள் ஊருக்கே வந்தது. தன் மச்சான் கடைக்குக் காரட் ஏற்றுவதற்காக! காரட்டுக்கு இருக்கும் சாலை காலுக்கு இல்லையாம். ஓட்டுநர் பேரத்தில் மூழ்கியிருந்தபோது, நான் குறுக்குவழியில் வளைவுக்கு ஓடிப் பலகையைத் தூக்கிவந்து பேருந்தின் பின் ஏணியில் கட்டினேன். “மேலே சாலை இல்லை” என்று அறிவித்துக்கொண்டே அது மேலிருந்து இறங்கி, கடைத்தெருவே வயிறு வலிக்கச் சிரிக்க, தங்கள் வாசலில் வந்து நின்றது. அடிவாரத்துப் பையன்கள் செய்த வம்பு என்று தங்களிடம் சாதித்தாராம்.

5. அப்படியானால் அந்தப் பையன்களைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லுங்கள். அது எங்கள் ஊர்க் கோஸ் மூட்டை முடிச்சு. சரிவில் மூட்டை நழுவாமலிருக்கப் போடுவது. இழுக்க இழுக்க இறுகும். கீழே யாருக்கும் அவிழ்க்க வராது, சந்தை வியாபாரிகள் கத்தியால்தான் அறுப்பார்கள். பேருந்து இன்னும் பலகையோடு பணிமனையில்தான் நிற்கிறது என்று நடத்துநர் சொன்னார். தயவுசெய்து அறுக்க வேண்டாம்.

6. ஓட்டுநரை வேலையிலிருந்து நீக்கவும் வேண்டாம். குறட்டையை வீட்டுக்கே அனுப்பிவைத்ததுபோல் ஆகிவிடும். வரும் சந்தை நாளன்று அதே பேருந்தை, பலகையோடு, எங்கள் வாசல் வரை அவரே ஓட்டிவர உத்தரவிடுங்கள். அம்மாவின் நாற்காலியை அவரும் பிடிக்கட்டும், முன்பக்கத்தை. படி இறங்கும்போது பாரம் அங்கேதான் வரும்.

புறப்படும் முன், ஊர் கூடி நிற்க, அந்த முடிச்சை என் அம்மா தன் கையால் அவிழ்ப்பார். அவர் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவர் இல்லை.

ஓட்டுநர் காத்திருக்கட்டும்.

இடம்: காரட்டுக்கு மட்டும் சாலையுள்ள ஊர்
நாள்: சந்தைக்கு மறுநாள்

அடுத்த சந்தை நாளன்று வாசலில் நிற்கப்போகும்,
முடிச்சுப் போட்டவள்
(ஒப்பம்)