வந்த ஊரில் பந்தோபஸ்து

மே 3, சனி

மாப்பிள்ளையின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். "விடுங்க அத்தை, நானே போட்டுக்கறேன்" என்று ஓடி வந்தார். காக்கிக்கு மடிப்புக் கலையாமல் முப்பது வருஷம் இஸ்திரி போட்ட கை சும்மா இருக்குமா? மகளுக்கு நிறைமாதம். ரிடையர் ஆன ஏட்டம்மாவுக்கு, பிரசவம் பார்க்க வெளிநாட்டுக்கு வந்த இடத்தில் வேறு என்ன டியூட்டி இருக்கிறது?

மத்தியானம் செக்கப். தெருமுனை ஆஸ்பத்திரிதான், நடந்தே போய்விடலாம். பிரசவ வார்டு நர்ஸ் ஆறடி உயரம், சிரித்தால் கட்டில் அதிரும். இன்று சிரிக்கவே இல்லை. அவள் பேசியதை மகள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள்: இந்த வார்டை அரசாங்கம் மூடப் போகிறதாம். அடுத்த ஆஸ்பத்திரிக்கு மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழியிலேயே பிரசவம் ஆகிப்போனால்?

அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் ஆர்ப்பாட்டமாம். "அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றாளாம் நர்ஸ்.

மே 4, ஞாயிறு

நான் ஆர்ப்பாட்டத்துக்குப் போகலாமா கூடாதா என்று வீட்டில் சண்டை. காரணம் நான்தான். நல்ல மாமியார் போ!

மே 6, செவ்வாய்

சண்டை இன்னும் ஓயவில்லை. விருந்தாளி விசாவில் வந்தவர்கள் அரசியலில் கலந்துகொள்ளக் கூடாது என்று அச்சடித்தே இருக்கிறதாம். மாப்பிள்ளை அதைப் படித்துக் காட்டினார். "உங்களைப் பிடிச்சு ஃப்ளைட் ஏத்திட்டா நாங்க என்ன பண்றது அத்தை? எனக்குக் குழந்தையைத் தூக்கக்கூடத் தெரியாது."

மகள் விடுவாளா? "அம்மா என்ன குண்டா போடப் போறாங்க? அவங்க பேரப்பிள்ளை பிறக்கப் போற இடம்பா அது!"

எனக்கோ மனசு முழுக்க அந்தப் பையன்தான். எங்கள் ஊரில் குடிதண்ணீர் கேட்டுச் சாலை மறியல் நடந்தபோது, சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டுப் பையன் ஒருவன் பையும் தொப்பியுமாக நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டான். தங்கமான பையன். கோஷத்தைத் தப்பும் தவறுமாக, ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாகப் போட்டான். நான்தான் கையைப் பிடித்து வேனில் ஏற்றினேன். அன்றைக்கு டிவியில் அவன் முகம் மட்டும்தான். வெளிநாட்டுச் சதி என்றார் மந்திரி. அதற்கப்புறம் தண்ணீரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. குடத்தோடு வந்த பெண்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள்.

வந்தவன் வந்தவனாக இருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இப்போது நானே வந்தவள்.

ஆனால் அவன் அடுத்த ஊருக்குப் போய்த் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். என் பெண் எங்கே போவாள் இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு? அப்படியென்றால் நானும் அவனும் ஒன்றா? தெரியவில்லை. தலை வலிக்கிறது.

மே 8, வியாழன்

முடிவு செய்தாயிற்று. ஆர்ப்பாட்டத்துக்குப் போவேன், சேர மாட்டேன். எதிர்ப் பக்க நடைபாதையில், சலவைக் கடை வாசலில் நின்று பார்ப்பேன். கோஷம் கிடையாது, பலகை கிடையாது. மாப்பிள்ளை சத்தியம் வாங்கிக்கொண்டார். செய்தும் கொடுத்தேன்.

மே 10, சனி

ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன்!

நல்லபடியாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். மகள் சலவைக் கடைக்குள் நாற்காலியில். எதிரே நர்ஸுகள், தள்ளுவண்டியில் குழந்தைகள், நல்ல கூட்டம். ஆனால் கூட்டம் நிற்கிற லட்சணம் இருக்கிறதே! ஆஸ்பத்திரி வாசலை அடைத்துக்கொண்டு, ரோட்டில் பாதி வரை. பந்தோபஸ்துக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களும் ஓரமாக நின்று காபி குடிக்கிறார்கள். எனக்கு உள்ளங்கை அரித்தது. உனக்கென்ன, நீ விருந்தாளி என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போது பார்த்து ஆம்புலன்ஸ். சைரன் அலறுகிறது, வழியில்லை. ஆளாளுக்கு ஒரு பக்கம் ஒதுங்கி, ஒருத்தர் மேல் ஒருத்தர் முட்டிக்கொள்கிறார்கள்.

எப்படி ரோட்டைத் தாண்டினேன் என்றே தெரியாது. விரலை வாயில் வைத்து ஒரு விசில். "ஒதுங்கு! ஒதுங்குன்னா ஒதுங்கணும்! வண்டியைப் பின்னால எடும்மா! யோவ் தொப்பி, உன்னைத்தான்!" எல்லாம் சுத்தத் தமிழில். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஆம்புலன்ஸ் உள்ளே போய்விட்டது. கைதட்டினார்கள். யாரோ ஒருத்தி ஆரஞ்சு நிற மேல்சட்டையை என் மேல் மாட்டிவிட்டாள்.

அதோடு ஓடி வந்திருக்கலாம். ரோட்டை ஒழுங்குபடுத்தாமல் எனக்கு எப்படிக் கால் வரும்? ஒரு பக்கம் கூட்டம், ஒரு பக்கம் வண்டி என்று பிரித்து நிறுத்திக்கொண்டிருந்தபோது பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். என்ன செய்தேன் தெரியுமா? விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன்! அவரும் பழக்கத்தில் பதில் சல்யூட் அடித்துவிட்டார். அப்புறம்தான் முறைத்தார். "நீங்கதான் தலைவியா?" என்று கேட்டிருக்கிறார். மகள் வந்து சேர்வதற்குள் நான் ஒன்றும் புரியாமலே பலமாகத் தலையாட்டியிருந்தேன்.

பாஸ்போர்ட் விவரம் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மே 11, ஞாயிறு

பேப்பரில் என் படம். ஆரஞ்சுச் சட்டை, தூக்கிய கை, திறந்த வாய். பின்னால் இருக்கும் வார்டுப் பலகை என் தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. 'வெளியாட்கள் தூண்டிவிடுகிறார்கள்' என்று இந்த ஊர் மந்திரியும் சொல்லிவிட்டாராம். எந்த ஊர் மந்திரியானாலும் பேச்சு ஒன்றுதான் போல.

வார்டைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி. அந்தப் பையனாகவே ஆகிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அந்த நர்ஸ் முகத்தில் எப்படி முழிப்பேன்? பிள்ளை பிறக்கும்போது நான் விமானத்தில் இருந்தால்?

மாப்பிள்ளை சமையலறைக்குப் போய்விட்டார். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் எல்லாவற்றையும் சொன்னது. மகள் மட்டும் படத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்காதேடி, வலி வந்துவிடப் போகிறது!

மே 13, செவ்வாய்

விசாரணைக்குப் போய் வந்தோம். அதே அதிகாரி.

"போராட்டத்துல கலந்துக்கிட்டீங்களா?"

"இல்லைங்க ஐயா. பந்தோபஸ்துல இருந்தேன்."

மகளுக்கு மொழிபெயர்க்கவே வாய் வரவில்லை. சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எந்த ஸ்டேஷன், எத்தனை வருஷம், பெரிய கூட்டத்தைச் சமாளித்திருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார். அவருக்கும் முட்டிவலியாம், நின்று நின்று. இந்தத் தொழிலுக்கு எல்லா நாட்டிலும் அதே முட்டிதான்.

ஆம்புலன்ஸ் டிரைவரும் வந்து எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தவள் பிள்ளைத்தாய்ச்சியாம். வார்டுக்குள் போன கையோடு பிறந்துவிட்டதாம். இதையே ரேடியோக்காரர்களிடமும் சொன்னாராம்: "மலையைச் சுத்திப் போயிருந்தா ரோட்டுலதான் பிறந்திருக்கும்." நேற்றிலிருந்து ஊரெல்லாம் அந்தப் பேச்சுதானாம், என் படத்தை மறந்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிகாரி எச்சரிக்கையோடு விட்டார். "இனிமே அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கக்கூடப் போகாதீங்க. உங்க கை உங்க பேச்சைக் கேட்காது."

நியாயம்தானே?

மே 22, வியாழன்

பேத்தி! அதே வார்டில், அதே நர்ஸ் கையில். தாயும் சேயும் நலம். மாப்பிள்ளை மயங்கி விழுந்தார். அவரும் இப்போது நலம்.

ஜூன் 7, சனி

வார்டை மூடுவதைத் தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. இன்று மறுபடியும் ஆர்ப்பாட்டம்.

மகள் செருப்பைத் தேடினாள். "பச்சை உடம்புக்காரி, எங்கடி கிளம்பிட்ட?" என்று ஒரு அதட்டல் போட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் மாப்பிள்ளை, கையில் பலகை, நான் இஸ்திரி போட்ட சட்டை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நீங்களா?"

"நான் இங்க வேலை பார்க்கறேன், வரி கட்டறேன், என் பொண்ணு இங்கதான் பிறந்திருக்கா. நான் போகாம யார் அத்தை போவாங்க?" என்றார். அப்புறம் மெதுவாக, "பயமாத்தான் இருக்கு" என்றார்.

ஆம்புலன்சுக்கு வழி விட்டு நில்லுங்கள், வெறும் வயிற்றோடு போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கும் போக ஆசைதான். யார் இல்லை என்றது? இருந்தாலும் கை நிறையக் குழந்தை இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கோஷம் கேட்க ஆரம்பித்தது. தூக்கம் கலையுமே என்று ஜன்னலைச் சாத்தப் போனேன். இவள் கண்ணைத் திறந்து, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

சாத்தவில்லை. நன்றாகத் திறந்து வைத்தேன். எனக்குத்தான் இது வந்த ஊர், இவளுக்குப் பிறந்த ஊர்.